குரலின் புதிய வழி

(உரைநடைப் பாடம்)

நுழையும் முன்

குரல் இயற்கை அளிக்கும் கொடை. அக்கொடையையே தொழிலாகக் கொண்டு வாழ்ந்த ஒருவர், தம் புகழின் உச்சியில் அதனை இழந்தால் என்ன செய்வார்? முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக மேடையிலும் தொலைக்காட்சியிலும் திரையிலும் விளங்கிய ஆங்கில இசை நாடக நடிகை ஜூலி ஆண்ட்ரூசின் வாழ்க்கை இவ்வினாவுக்கு விடை தருகிறது. அதனை இப்பாடத்தில் காண்போம்.

இசை நாடகம் என்னும் கலை

தமிழை இயல், இசை, நாடகம் என மூன்றாக வகுத்து முத்தமிழ் என்று வழங்குவது நம் மரபு. இம்மூன்றும் ஒரே மேடையில் ஒன்றுகூடும் கலையே இசை நாடகம். இதில் நடிகர் பேசுவார். பேச்சு போதாத இடத்தில் பாடுவார். தேவையான இடத்தில் ஆடுவார். பாட்டு கதையை நிறுத்தி வைப்பதில்லை. அதுவே கதையை முன்னோக்கி நகர்த்தும்.

தமிழ்நாட்டில் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இயற்றிய ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’ முதலிய நாடகங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. மராத்திய மொழியில் இதனைச் சங்கீத நாடகம் என்பர். ஆங்கில இசை நாடகத்திற்கு இரண்டு தலைநகரங்கள் உண்டு. ஒன்று, இலண்டன் மாநகரின் வெஸ்ட் எண்ட் பகுதி. மற்றொன்று, நியூயார்க் மாநகரின் பிராட்வே பகுதி. அங்குள்ள அரங்குகளில் ஒரே நாடகம் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் தொடர்ந்து நடைபெறும். வாரத்திற்கு 8 காட்சிகள் என்பது வழக்கம். அத்தனை காட்சிகளிலும் முதல் நாளில் பாடியது போலவே பாட வேண்டும். திரைப்பட நடிகருக்குப் பின்னணி பாடப் பிறர் இருக்கலாம். இசை நாடக நடிகருக்கு அவர்தம் தொண்டையே துணை.

போர்க்காலச் சிறுமி

ஜூலி 1935ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் இங்கிலாந்தில், தேம்ஸ் ஆற்றங்கரையில் உள்ள வால்டன் என்னும் ஊரில் பிறந்தார். தாய் பியானோ வாசிப்பவர். தாயும் தந்தையும் பிரிந்தபின், தாய் டெட் ஆண்ட்ரூஸ் என்னும் பாடகரை மணந்தார். ஜூலியின் பெயரோடு ஆண்ட்ரூஸ் என்பது இணைந்தது அவ்வாறே.

அக்காலம் இரண்டாம் உலகப் போர்க்காலம். 1944இல் ஆளில்லா வெடிவிமானங்கள் இலண்டன் பகுதியை நோக்கிப் பறந்து வந்தன. அபாயச் சங்கு ஒலிக்கும்போதெல்லாம் மக்கள் சமையலையும் பிற வேலைகளையும் விட்டுவிட்டுப் பதுங்கு குழிகளுக்கு ஓட வேண்டியிருந்தது. ஜூலியிடம் ஒரு பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. அவர் பதுங்கு குழியின் மேல் அமர்ந்து, நாடக அரங்குகளில் பயன்படும் சிறிய இருகண்நோக்கியால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். விமானம் அருகில் வருவதாகத் தெரிந்தால் ஊதலை ஊதுவார். அதுவரை பெண்கள் தத்தம் வேலையைத் தொடரலாம். இச்செய்தியை அவர் தம் தன்வரலாற்று நூலில் எழுதியுள்ளார்.

அவ்வயதிலேயே அவர் குரல் வீட்டாரை வியக்க வைத்தது. தொண்டை மருத்துவர் ஒருவர் ஆராய்ந்து பார்த்து, சிறுமியின் குரல்வளை ஏறத்தாழ வளர்ந்தவருடையதைப் போன்று அமைந்துள்ளது என்றார். லிலியன் ஸ்டைல்ஸ்-ஆலன் என்னும் பாடகியிடம் ஜூலி முறையாக இசை பயின்றார். குரலை உயர்த்துவதோடு நில்லாமல், ஒவ்வொரு சொல்லையும் தெளிவாக ஒலிப்பதற்கு அவ்வாசிரியர் பெரும் முதன்மை அளித்தார். இப்பயிற்சி பிற்காலத்தில் ஜூலிக்கு எவ்வாறு கைகொடுத்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

தொடக்கத்தில் தாயுடனும் வளர்ப்புத் தந்தையுடனும் ஊர் ஊராகச் சென்று பாடினார். ஒலிவாங்கி எட்டாததால் ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி நின்று பாடியதும் உண்டு. 1947ஆம் ஆண்டு அக்டோபரில், தம் 12ஆம் வயதில், இலண்டன் ஹிப்போட்ரோம் அரங்கில் பாடினார். அடுத்த ஆண்டு, 13 வயதில், அரச குடும்பத்தினர் முன்னிலையில் தனியாகப் பாடும் வாய்ப்பைப் பெற்றார். அந்நிகழ்ச்சியில் அதுவரை தனித்துப் பாடியவர்களுள் அவரே வயதில் இளையவர்.

பூக்காரப் பெண்ணின் மொழி

1954ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள், தம் 19ஆம் பிறந்த நாளுக்கு முந்தைய மாலையில், ஜூலி பிராட்வே மேடையில் முதன்முதலாகத் தோன்றினார். நாடகத்தின் பெயர் ‘தி பாய் ஃபிரெண்ட்’. அதன் வெற்றி அவருக்கு ஒரு பெரிய வேடத்தைப் பெற்றுத் தந்தது. அது ‘மை ஃபேர் லேடி’ என்னும் இசை நாடகத்தின் கதைத்தலைவி வேடம்.

இந்நாடகம் பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ என்னும் நாடகத்தைத் தழுவியது. இலண்டன் தெருவில் பூ விற்கும் ஏழைப் பெண் எலைசா. அவள் பேசும் தெருப்பேச்சைக் கேட்டு ஒலியியல் பேராசிரியர் ஹிக்கின்ஸ் எள்ளி நகையாடுகிறார். ஆறே மாதங்களில் அவளைச் சீமாட்டியைப் போலப் பேச வைத்துக் காட்டுவதாகவும் கூறுகிறார். அவள் பயில்கிறாள், வெல்கிறாள். ஆனால், அவ்வெற்றியைப் பேராசிரியர் தம்முடையதாகவே எண்ணிக்கொள்கிறார். எலைசா தன் மதிப்பை நிலைநாட்டக் குரல் எழுப்புகிறாள்.

ஜூலிக்கு இவ்வேடம் எளிதாக வரவில்லை. அவர் இங்கிலாந்தில் பிறந்தவர். ஆயினும் திருத்தமாகப் பேசப் பழகியவர். எலைசாவின் காக்னி எனப்படும் இலண்டன் தெருப்பேச்சு அவர் நாவுக்கு வசப்படவில்லை. அதனை அவருக்குக் கற்றுக்கொடுக்க ஒலியியல் அறிந்த ஆசிரியர் ஒருவரை அமர்த்தினர். அவ்வாசிரியர் ஓர் அமெரிக்கர் என்பது வியப்பான செய்தி. தன் நாட்டுப் பேச்சை வேற்று நாட்டவரிடம் கற்க ஜூலி நாணவில்லை.

நடிப்பிலும் தடுமாற்றம் இருந்தது. பாட்டில் சிறந்த 20 வயதுப் பெண்ணால், உரையாடலில் எலைசாவின் சினத்தையும் வலியையும் வெளிப்படுத்த இயலவில்லை. அவருக்கு எதிரே நடித்த ரெக்ஸ் ஹாரிசன் பழுத்த அனுபவம் உடையவர். நாடகத்தின் இயக்குநர் மாஸ் ஹார்ட் ஒரு முடிவுக்கு வந்தார். பிற நடிகர்களுக்கு இரண்டு நாள் விடுப்பு அளித்துவிட்டு, ஜூலியை மட்டும் அழைத்து, ஒவ்வொரு வரியாகப் பயிற்சி அளித்தார். கடுமையாகத் திருத்தினார், மீண்டும் மீண்டும் பேச வைத்தார். அவ்விரண்டு நாள்களே தம்மை நடிகையாக்கின என்று ஜூலி பிற்காலத்தில் நன்றியுடன் நினைவுகூர்ந்தார்.

1956ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் நியூயார்க்கில் நாடகம் அரங்கேறியது. பிராட்வேயில் மொத்தம் 2717 காட்சிகள் நடைபெற்று, அந்நாள் வரையிலான சாதனைகளை முறியடித்தது. ஜூலி நியூயார்க்கிலும் பின்னர் இலண்டனிலுமாக ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் எலைசாவாக நடித்தார்.

மாணவர்களே, தமிழ்நாட்டிற்கு வெளியே வாழும் நீங்கள் வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் ஒரு மொழியும் தெருவில் ஒரு மொழியும் பேசுகிறீர்கள். ழகரமும் றகரமும் நாவில் எளிதில் படியாதபோது சிலர் சிரிக்கவும் கூடும். பிறந்த நாட்டின் பேச்சையே ஓசை ஓசையாகக் கற்றுத்தான் ஜூலி மேடையேறினார் என்பதை அப்போது எண்ணிப் பாருங்கள். மொழி பிறப்பால் மட்டும் வருவதன்று. செவியும் நாவும் பழகப் பழக வருவது.

மேடையும் சின்னத்திரையும்

மேடை நடிப்பும் தொலைக்காட்சி நடிப்பும் ஒன்றல்ல. மேடையில் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் சொல் கேட்க வேண்டும். கையசைவு தெரிய வேண்டும். உடையில் பொருத்தும் சிறிய ஒலிவாங்கி பரவலாகாத காலம் அது. தொலைக்காட்சியிலோ படக்கருவி முகத்தருகே வந்து நிற்கும். புருவம் சற்று உயர்ந்தாலும் அது பெரிதாகத் தெரியும். ஆகவே, அங்கே அடக்கமான நடிப்பு வேண்டும்.

இவ்விரண்டையும் ஜூலி ஒரே காலத்தில் செய்து காட்டினார். ‘மை ஃபேர் லேடி’ நடைபெற்றுக்கொண்டிருந்தபோதே, ராட்ஜர்ஸ், ஹேமர்ஸ்டைன் என்னும் புகழ்பெற்ற இசை நாடக இணையர் தொலைக்காட்சிக்கென்றே ‘சிண்ட்ரெல்லா’ கதையை இசை நாடகமாக எழுதினர். 1957ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை மாலை, அது அமெரிக்கா முழுவதும் நேரலையாக ஒளிபரப்பாயிற்று. பிழை நேர்ந்தால் மீண்டும் நடிக்க வழியில்லை. உடை மாற்றக் கிடைத்ததும் சில நொடிகளே. அன்று 10 கோடிக்கும் மேற்பட்டோர் அதனைக் கண்டதாகக் கணக்கிட்டனர். நிறைந்த அரங்கில் பல ஆண்டுகள் நடித்தாலும் அத்தனை பேரை ஒரு நடிகர் எட்ட முடியாது. நம் நாட்டில் தில்லியில் தொலைக்காட்சியின் சோதனை ஒளிபரப்பு தொடங்கியதே 1959ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள்தான் என்பது இங்கு ஒப்பு நோக்கத்தக்கது.

1960இல் ‘கேமலாட்’ என்னும் இசை நாடகத்தில் அரசி வேடம் ஏற்றார். 1972ஆம் ஆண்டு தொடங்கிய ‘ஜூலி ஆண்ட்ரூஸ் ஹவர்’ என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வாரந்தோறும் பாடினார், ஆடினார், நடித்தார். அந்நிகழ்ச்சி ஏழு எம்மி விருதுகளைப் பெற்றது. ஆயினும் அது ஒரே பருவத்துடன் நிறுத்தப்பட்டது. விருது வேறு, பார்வையாளர் எண்ணிக்கை வேறு என்பது தொலைக்காட்சியின் இயல்பு.

கைநழுவிய வேடம்

‘மை ஃபேர் லேடி’யைத் திரைப்படமாக்கியபோது, எலைசா வேடம் ஜூலிக்குக் கிடைக்கவில்லை. திரையில் அவர் புகழ்பெற்றவர் அல்லர் எனக் கருதிய தயாரிப்பாளர், ஆட்ரி ஹெப்பர்னைத் தேர்ந்தெடுத்தார். ஹெப்பர்னின் பெரும்பாலான பாடல்களை மார்னி நிக்சன் என்னும் பாடகி பின்னணியில் பாடினார்.

ஒரு கதவு மூடியது, மற்றொன்று திறந்தது. ‘கேமலாட்’ நாடகத்தில் ஜூலியைக் கண்டிருந்த வால்ட் டிஸ்னி, ‘மேரி பாப்பின்ஸ்’ படத்தில் நடிக்குமாறு அவரை அழைத்தார். ஜூலி அப்போது கருவுற்றிருந்தார். குழந்தை பிறக்கும் வரை காத்திருப்பதாக டிஸ்னி கூறினார். 1964இல் வெளிவந்த அப்படம் ஜூலிக்குச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றுத் தந்தது. மறு ஆண்டு வெளிவந்த ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ அவர் குரலை உலகெங்கும் கொண்டு சென்றது.

இழப்பு

ஏறத்தாழ 35 ஆண்டுகள் கழித்து, 1995ஆம் ஆண்டு அக்டோபரில், ‘விக்டர்/விக்டோரியா’ என்னும் இசை நாடகத்தின் வழியாக ஜூலி மீண்டும் பிராட்வே மேடையின் தலைமை வேடத்திற்குத் திரும்பினார். அப்போது அவருக்கு வயது 60. மறு ஆண்டு, மேடைக் கலைஞர்களுக்குரிய உயரிய டோனி விருதுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. ஆனால், அந்நாடகத்தில் உழைத்த வேறு எவர் பெயரும் பட்டியலில் இல்லை. தம்முடன் உழைத்தோர் புறக்கணிக்கப்பட்டிருக்கத் தாம் மட்டும் அம்மதிப்பை ஏற்பதற்கில்லை என்று ஜூலி மறுத்துவிட்டார்.

ஓயாத காட்சிகளால் தொண்டை நலிந்தது. 1997இல் அவர் நாடகத்திலிருந்து விலகி, அறுவை மருத்துவம் செய்துகொண்டார். அதன்பின் அவரது பாடும் குரல் திரும்பவே இல்லை.

இதன் காரணத்தை அறிவது நன்று. நம் குரல்வளைக்குள் இரண்டு மெல்லிய குரல்நாண்கள் உள்ளன. நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றை அதிரச் செய்கிறது. உயர்ந்த சுரங்களைப் பாடும் பெண்ணின் குரல்நாண்கள் நொடிக்கு 400 முறைக்கும் மேல் அதிர்கின்றன. அத்தகைய அதிர்வுக்கு அவற்றின் மென்மையும் நெகிழ்ச்சியும் இன்றியமையாதவை. தழும்போ இறுக்கமோ ஏற்பட்டால் பேச முடியும். ஆனால், சுரம் நிற்காது. அறுந்த வீணைத் தந்தியை மாற்றலாம். குரல்நாணை மாற்ற இயலாது.

மேல் ஸ்தாயிகளில் எளிதாக உலவிய குரல் அடங்கியது. குழந்தைப் பருவம் முதல் தம்மைத் தாம் பாடகியாகவே அறிந்திருந்தவர் ஜூலி. இழப்பின் துயரம் அவரை நெடுநாள் வாட்டியது.

புதிய வழி

துயரத்தில் இருந்தவருக்கு வேறு பணிகள் கைகொடுத்தன. மகள் எம்மாவுடன் இணைந்து குழந்தைகளுக்கான நூல்களை எழுதலானார். பாட முடியாமை குறித்து அவர் வருந்தியபோது, அம்மா தம் குரலைப் பயன்படுத்த வேறொரு வழியைக் கண்டுகொண்டார், அவ்வளவே என்று மகள் ஆறுதல் கூறினார். அச்சொல் தம் மனத்தை மாற்றியதாக ஜூலி பலமுறை கூறியுள்ளார்.

2001இல் ‘தி பிரின்சஸ் டைரீஸ்’ படத்தில் அரசியாக நடித்துப் புதிய தலைமுறையினரின் அன்பைப் பெற்றார். 2003இல், பிராட்வேயில் தமக்கு முதல் வாழ்வளித்த ‘தி பாய் ஃபிரெண்ட்’ நாடகத்தைத் தாமே இயக்கினார். மாஸ் ஹார்ட் தமக்குக் கற்றுக்கொடுத்ததைப் போல, இளம் நடிகர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் இடத்தில் அப்போது அவர் நின்றார். 2017இல் வெளிவந்த ‘ஜூலிஸ் கிரீன்ரூம்’ என்னும் தொடரில் பொம்மலாட்டப் பாத்திரங்களுடன் சேர்ந்து, நாடகம் எவ்வாறு உருவாகிறது என்பதைக் குழந்தைகளுக்கு விளக்கினார்.

2020 முதல் வெளிவரும் ‘பிரிட்ஜர்டன்’ தொடரில் அவர் முகம் தோன்றுவதில்லை. கதையை எடுத்துரைக்கும் குரல் மட்டுமே அவருடையது. பாட்டு இல்லை, இசையும் இல்லை. ஆயினும் ஒவ்வொரு சொல்லும் மணி போல ஒலிக்கிறது. இளமையில் ஸ்டைல்ஸ்-ஆலன் அம்மையார் பழக்கிய ஒலிப்புத் தெளிவு, பாட்டு போன பின்னும் நின்றது. இயற்கை கொடுத்ததை நோயும் முதுமையும் எடுத்துக்கொள்ளலாம். பயின்று பெற்றதை அவ்வளவு எளிதில் எடுத்துக்கொள்ள இயலாது.

சொல்லும் பொருளும்

கொடை – ஈகை, அன்பளிப்பு
எள்ளி – இகழ்ந்து
நகையாடுதல் – கேலி செய்து சிரித்தல்
அரங்கேற்றம் – மேடையில் முதன்முறை நிகழ்த்துதல்
தழுவுதல் – ஒன்றை அடிப்படையாகக் கொள்ளுதல்
சுரம் – இசையில் வரையறுத்த ஒலி
ஸ்தாயி – ஏழு சுரங்கள் அடங்கிய ஒலி எல்லை
நலிதல் – மெலிதல், தளர்தல்

இலக்கணக் குறிப்பு

முத்தமிழ் – தொகைச்சொல்
பாடியவர் – வினையாலணையும் பெயர்
போதாத – எதிர்மறைப் பெயரெச்சம்
பழகப் பழக – அடுக்குத்தொடர்
மூடியது, திறந்தது – ஒன்றன்பால் இறந்தகால வினைமுற்றுகள்

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.
1. ‘மை ஃபேர் லேடி’ நியூயார்க்கில் அரங்கேறிய ஆண்டு ________. (1947, 1956, 1964)
2. எலைசா செய்த தொழில் ________. (பூ விற்றல், பாடம் நடத்தல், தையல்)
3. ‘சிண்ட்ரெல்லா’ இசை நாடகம் எழுதப்பட்டது ________க்கு. (திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி)

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. இசை நாடகம் என்பது யாது?
2. போர்க்காலத்தில் ஜூலிக்கு ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு எது?
3. டோனி விருதுக்கான முன்மொழிவை ஜூலி ஏன் ஏற்க மறுத்தார்?

இ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
1. மேடை நடிப்புக்கும் தொலைக்காட்சி நடிப்புக்கும் உள்ள வேறுபாடுகளை எழுதுக.
2. எலைசா வேடத்திற்காக ஜூலி மேற்கொண்ட பயிற்சிகளைத் தொகுத்து எழுதுக.

ஈ. சிந்தித்து எழுதுக.
எலைசா புதிய பேச்சைக் கற்றபின் அவளுடைய பழைய பேச்சு இழிவானது ஆகிவிடுமா? உங்கள் வீட்டுப் பேச்சுத் தமிழையும் பாடநூல் தமிழையும் எண்ணிப் பார்த்து, உங்கள் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

உ. ஒலிப்புப் பயிற்சி
கீழுள்ள சொற்களை வாய்விட்டுப் படித்து, பொருள் வேறுபாடு தோன்றத் தொடர் அமைக்க.
1. ஒலி – ஒளி – ஒழி
2. வலி – வளி – வழி
3. அலை – அழை
4. அரை – அறை

ஊ. செயல்பாடு
உங்கள் தாத்தா, பாட்டி அல்லது ஊரிலிருந்து வந்த உறவினரிடம், அவர்கள் இளமையில் கண்ட நாடகம், கூத்து ஆகியவை பற்றிக் கேளுங்கள். நாடகம் எங்கே நடந்தது, யார் பாடினர், எத்தனை மணி வரை நடந்தது, எந்தப் பாத்திரம் அவர்கள் மனத்தில் நின்றது ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, வகுப்பில் மூன்று நிமிடம் பேசுங்கள். எழுதியதைப் பார்த்துப் படிக்காமல், கடைசி வரிசையில் இருப்பவருக்கும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்குமாறு பேச வேண்டும்.